கைப்பிடிக்குள் இருப்பது

அண்மையில் சிற்றிதழ் ஒன்றில் கைவினைக் கத்திகளைப் பற்றி நண்பரொருவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நடை. கூடவே ஒரு வண்ணப்படம். நீர்வரிகள் ஓடும் அலகு, அதன் முதுகில் அரத்தால் வெட்டி எடுத்த கொடி வேலைப்பாடு, நீலமும் பொன்னும் கலந்த எபாக்ஸிப் பிசின் பூசிக் கண்ணாடிபோல் மின்னும் கைப்பிடி. படத்தின் கீழே, சேலத்து உருக்கு மரபு மீண்டு எழுகிறது என்ற பொருளில் ஒரு வரி. நண்பரின் ரசனையோடு எனக்குச் சண்டையில்லை. அந்த ஒரு வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அதற்கான காரணம் என் பெரியப்பாவின் உள்ளங்கையில் இருக்கிறது.

மோகனூர்ப் பக்கம் காவிரிக்கரையில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வாழையும் கரும்பும் உண்டு. எழுபது வயதைத் தாண்டியும் தார் வெட்ட இன்னொருவரை விடமாட்டார். இரண்டு வருடங்களுக்கு முன் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனபோது, இணையத்தில் வாங்கிய கத்தியொன்றை அவருக்குப் பரிசாகக் கொண்டுபோனேன். நண்பரின் படத்தில் உள்ள கத்திக்கு அது உடன்பிறப்பு என்றே சொல்லலாம். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். அவரைப் போல் இன்று நூறு பேர். பெரியப்பா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மண்வெட்டி, கடப்பாரை, கொடுவாளோடு வரிசையில் வைத்துப் படைத்தார். மறுநாள் நான் எதிர்பார்க்காததைச் செய்தார். அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். பரிசாக வந்த கத்தியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்ற நாகரிகம் அவருக்குத் தெரியாது. மார்கழிக்குள் பிடியின் கழுத்தருகே மயிரிழை போல ஒரு விரிசல். பொங்கலுக்கு முந்தைய வாரம் தாரை வெட்ட ஓங்கியபோது அலகு பிடிக்குள்ளேயே சுழன்றது. பிடி பிளந்து, உடைந்த விளிம்பு உள்ளங்கையில் ஏறியது. ஆறு தையல்.

கத்தியை ஊர்ப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். வழக்கமான கொடுவாளாக இருந்தால் பூணைத் தட்டி, பழைய மரத்தைப் பிளந்து எறிந்துவிட்டுப் பேச்சுவாக்கில் பிடியைக் கழற்றிவிடுவார் ஆசாரி. இதில் அது நடக்கவில்லை. உளி வைத்துத் துண்டு துண்டாகப் பெயர்க்கவேண்டியிருந்தது. உள்ளே பார்த்தால், பிடியின் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கவேண்டிய வால் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதுவும் அலகோடு சேர்த்து அடித்ததல்ல, மெல்லிய கம்பியொன்றைப் பற்றவைத்திருந்தார்கள். மிச்சம் முழுவதும் பிசின், பிசினுக்குள் காற்றுக்குமிழ்கள். ஆசாரி அலகைத் துடைத்து, முதுகின் கொடி வேலைப்பாட்டின்மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். “இந்த அர வேலை செஞ்சவனுக்கு நல்ல கை, தம்பி. பிடி போட்டவன் வேற ஆளு” என்றார். சற்றுப் பொறுத்து, “இல்லீன்னா கூலி குடுத்தவன் வேற ஆளு” என்றார்.

நான் எழுதப்போவதெல்லாம் இந்த வாக்கியங்களுக்கு உரைதான்.

முதலில் அந்த ‘மரபு’. சேலத்து உருக்கு என்று நாம் மார்தட்டிக்கொள்வது எதை? கஞ்சமலை போன்ற குன்றுகளின் காந்த இரும்புத் தாதுவைக் கரியோடு சிறு உலையில் உருக்கி, கிடைத்த இரும்பைத் துண்டாக்கி, மண்குகைக்குள் ஆவாரைச் சுள்ளியோடு அடைத்து, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயைப் பூசிச் சுட்டெடுத்த சிறு கட்டிகளை. சேலத்தில் கும்பினி உத்தியோகம் பார்த்து, பின்னர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1839-இல் வெளியான தன் கட்டுரையில் இம்முறையை விவரித்திருக்கிறார். அதற்கு முன்பே, 1795-இல், லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றிய ஆய்வை வாசித்தாயிற்று. 1820-ஐ ஒட்டி மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடர்ட்டும் சேர்ந்து இதன் ரகசியத்தைத் தேடினார்கள். அந்த எஃகில் கரி நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை இருக்கும். அதன் நீர்வரி மேலே வரைந்த கோலமல்ல, கட்டி உறையும்போதும் பின்னர்த் தாழ்ந்த சூட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும்போதும் உள்ளிருக்கும் கார்பைடு துகள்கள் வரிசைகட்டி நிற்பதால் தோன்றுவது. தாதுவில் மிகச் சிறிய அளவில் இருந்த வனேடியம் போன்ற தனிமங்களே அந்த வரிசைக்குக் காரணம் என்று வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் 1998-இல் எழுதினார்கள்.

நண்பரின் படத்தில் உள்ளது இதுவல்ல. அது இரண்டு விதமான எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, பழுக்கக் காய்ச்சி ஒட்ட அடித்து, மடித்து, முறுக்கி, கடைசியில் அமிலக் கரைசலில் நனைத்து வரிகளைக் கறுக்கவைத்தது. அதுவும் திறமையான வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் அதன் இக்காலப் பிறப்பு வேறு. 1973-இல் அமெரிக்கக் கொல்லரான வில்லியம் மோரன் இத்தகைய கத்திகளைக் காட்சிக்கு வைத்தபின் அங்கே ஒரு மோகம் கிளம்பியது. முதுகில் அர வேலை, வண்ணப் பிசின் ஊட்டிய மரப்பிடி எல்லாம் அந்த உலகத்தின் அலங்காரங்கள். அந்தத் தோற்றத்தை மலிவாகச் செய்து உலகெங்கும் அனுப்பும் ஊர்களில் ஒன்று பாகிஸ்தான் பஞ்சாபின் வஜீராபாத். அங்கே அரம் பிடிக்கும் கைகளை நான் வணங்குகிறேன். ஆனால் கஞ்சமலைக்கும் அந்தப் பொருளுக்கும் என்ன உறவு? டமாஸ்கஸ் என்ற ஒரு பெயரை இரண்டுக்கும் ஒட்டியதைத் தவிர வேறெதுவுமில்லை.

(சேலம், நாமக்கல் சமவெளியின் உண்மையான எஃகு மரபு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால், லாரியில் இருக்கிறது என்பேன். ஓடித் தேய்ந்த லாரியின் ஸ்பிரிங் பட்டைதான் பட்டறைகளில் கொடுவாளாகவும் கரும்பு வெட்டும் கத்தியாகவும் மறுபிறவி எடுக்கிறது. இதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. படத்தில் அழகாக விழாது போலிருக்கிறது.)

இவ்வளவு சொன்னதும் எதிர்முகாம் நண்பர்கள் கை தட்டுவார்கள் என்று தெரியும். கருவிக்கு எதற்கு அலங்காரம், பயன்பாடே அழகு, பூவேலை எல்லாம் அந்நிய மோகம் என்பவர்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பாட்டி வைத்திருந்த பாக்குவெட்டியை அவர்கள் பார்த்ததில்லையா? ஒரு பாக்கை இரண்டாக வெட்டும் கருவிக்குக் கிளி மூக்கு எதற்கு, குதிரைத் தலை எதற்கு, இரு காம்புகளின் விளிம்பிலும் வரிவரியாக அரம் போட்ட வெட்டுகள் எதற்கு? எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகள் இருக்கின்றன. அவற்றின் இரும்புப் பிடியில் யாளியும் கொடியும் ஊடுருவ வெட்டப்பட்டிருக்கும். தஞ்சை மராட்டிய அரசு வாரிசின்றி முடிந்தது என்று கும்பினி அறிவித்தபின் அந்த ஆயுதசாலை கலைக்கப்பட்டது. 1860-களில் அருங்காட்சியகம் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ள, மிச்சத்தில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. எளிமையே நம் மரபு என்று இன்று நாம் நம்புவதற்கு, அலங்காரமெல்லாம் அப்படி எடைக்குப் போனதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அர வேலையை நான் ஏற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதில் ஏமாற்ற முடியாது. அலகைத் தோய்ச்சல் போடுவதற்கு, அதாவது காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ முக்கிக் கடினமாக்குவதற்கு, முன்பே முதுகில் அளந்து கோடிட்டு வெட்டவேண்டும். கடினமான பிறகு அரம் வழுக்கும். கூர்முனையில் அரத்தை ஓட்டி அது வழுக்குகிறதா என்று பார்த்துத்தானே தோய்ச்சல் சரியா என்றே சோதிக்கிறார்கள்? வட்ட அரத்தால் இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அந்தப் பக்கம் அதற்கு மாற்றி ஒரு பள்ளம், பிறகு முக்கோண அரத்தால் இடையில் இலைக்காம்பு. ஒரு பள்ளம் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் கொடி முழுவதும் நொண்டும். ஆழத்தில் கூரான மூலையை விட்டுவிட்டால் தோய்ச்சலின்போது அங்கிருந்தே வெடிப்பு ஓடும். அதனால் நல்ல வேலைக்காரன் ஒவ்வொரு மூலையையும் உருட்டி, உப்புத்தாளால் உள்ளே மழித்துவிடுவான். பார்த்தவுடன் தெரிந்துவிடும் பிழைகள் இவை. செய்தவன் கையில் எவ்வளவு பொறுமை இருந்தது என்பதைக் கத்தியின் முதுகே வெளிச்சத்தில் காட்டிவிடும்.

பிசின் அப்படியல்ல. இங்கேதான் என் சண்டை.

எபாக்ஸி நல்ல பொருள். ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கியதிலிருந்து, ஒழுகும் தொட்டி முதல் விமானம் வரை ஒட்டாததை எல்லாம் ஒட்டியிருக்கிறது. கத்திப் பிடியிலும் அதற்கு நியாயமான இடம் உண்டு. நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கும் மீன்கடைக் கத்தியில் பிடிக்குள் ஈரம் இறங்காமல் காக்கும். வாலில் துரு ஏறாது. ஒழுங்காகச் செய்ய விரும்புபவர்கள் ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை அசிட்டோனால் துடைத்து, இரு கலவைகளையும் சொன்ன விகிதத்தில் கலந்து, பிசின் முழுவதும் பிதுங்கி வெளியேறாதபடி அளவாக இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைத் தொடமாட்டார்கள். அது அவசரத்துக்கு உதவுமே தவிர ஈரத்தையும் அதிர்ச்சியையும் அதிகம் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிசினை மட்டும் நம்பமாட்டார்கள். முழு நீள வால் இருக்கும், குறுக்கே ஆணி இருக்கும். ஈரம் புகாமல் தடுக்கும் காவல்தான் பிசின். பாரம் தாங்குவது இரும்பும் மரமும்.

சந்தையில் நடப்பது இதற்கு நேர் எதிர். பிசின் ஓட்டையை அடைக்கும் என்பதால், ஓட்டை இருந்தால் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. வாலுக்கும் மரத்துக்கும் இடையே நூல் புகாத பொருத்தம் வேண்டுமென்றால் அரை நாள் வேலை. அகலமாகத் துளைத்துப் பிசினை ஊற்றினால் பத்து நிமிடம். மேலே பளபளப்பு ஏற்றினால் வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சாதாரணச் சூட்டில் இறுகும் எபாக்ஸி அறுபது, எழுபது டிகிரி வெப்பத்தில் இளகத் தொடங்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் வரப்பில் கிடந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அதோடு, இறுகாத பிசினையும் அதன் இறுக்கியையும் உறையில்லாத கையால் நாள்தோறும் தொடுபவர்களுக்குத் தோல் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் கை தடிக்கும். கண்ணாடிபோல் மின்னும் பிடியை வியந்து எழுதுபவர்கள், அதைத் தேய்த்தவர் உறை அணிந்திருந்தாரா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

ஏமாற்றுகூட எனக்கு இரண்டாவது குற்றச்சாட்டுதான். முதல் குற்றச்சாட்டு, அந்தப் பிடி திறக்காது என்பது.

பழைய பிடிகள் எல்லாம் திறக்கும். வாள்களில் அரக்கோடு பொடிகலந்து உருக்கி ஊற்றி வாலை நிறுத்தினார்கள். சூடு காட்டினால் அரக்கு இளகும், அலகு வெளியே வரும், பழுது பார்த்துத் திரும்பச் செருகலாம். நம் ஊர்க் கொடுவாளுக்கு அரக்குகூட வேண்டாம். காய்ந்த புளியங்கம்பையோ வேலங்கம்பையோ சீவி, நடுவில் துளையிட்டு, வாலின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்குவார்கள். மரம் புகைந்து தன் இடத்தைத் தானே எரித்துக்கொடுக்கும். கழுத்தில் பூண். கோடையில் மரம் சுருங்கிப் பிடி ஆடினால் ராத்திரி முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டால் விடியும்போது இறுகியிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் பட்டறைக்குப் போகும். அப்படிப் போகும்போதெல்லாம் அலகும் ஆசாரியின் கண்ணில் படும். வாய் தேய்ந்திருந்தால் காய்ச்சித் தட்டுவார், தோய்ச்சல் போடுவார், சாணை பிடிப்பார். ஒரு கொடுவாள் தன் ஆயுளில் நாலைந்து பிடிகளைப் பார்த்துவிடும். பட்டறையின் வருமானத்தில் புதுக் கத்தி ஒரு பங்குதான். திரும்பி வரும் கத்திகள்தான் உலையை அணையாமல் வைத்திருந்தவை.

இலக்கிய வாசகர்களுக்கு இதை நான் நினைவூட்டவேண்டியிருப்பதே வேடிக்கை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டு நம் மேடைகளில் எத்தனை முறை முழங்கியிருக்கிறது! அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவனுடைய ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசிக் காவலுள்ள மாளிகையில் இருப்பதைப் புகழ்வதுபோல் இகழ்கிறாள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறாள். தகடூர், இன்றைய தர்மபுரி, சேலத்துக்குப் பக்கம்தான். வீரத்தைப் பற்றிய பாட்டு என்றே இதைச் சொல்லிச்சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கொட்டிலை யாராவது கவனித்தோமா? ஓர் ஆயுதம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு ஔவை காட்டும் சாட்சி அது கொல்லனிடம் திரும்பிப் போயிருக்கிறது என்பதுதான். நண்பரின் படத்திலுள்ள கத்தியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டைமானின் மாளிகைதான் ஞாபகம் வந்தது. பீலிக்குப் பதில் பிசின்.

பழைய ஏற்பாட்டை நான் பொன்னுலகமாக்குகிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். அறுவடையில் களத்துக்குப் போய் நின்று அளந்து போடும் தானியத்தை வாங்கிக்கொண்டு ஆண்டு முழுக்க உழைத்தவர்கள் அந்தப் பட்டறைக்காரர்கள். அளப்பவர் மனம் கோணினால் படி குறையும். அந்தக் காத்திருப்பை விட்டு அவர்கள் பிள்ளைகள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கும் நாமக்கல் லாரி பாடி கட்டும் கூடங்களுக்கும் போனதில் ஒரு விடுதலை இருந்தது. அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் மிச்சமிருக்கும் பட்டறையிலும் இன்று என்ன நடக்கிறது? 2021-இல் மாநிலம் முழுக்க ரவுடிகளைப் பிடிக்கும் நடவடிக்கையின்போது, கத்தி, அரிவாள் செய்கிறவர்கள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கவேண்டும், கேமரா பொருத்தவேண்டும் என்று காவல்துறை சொன்னது. வாழைத்தார் வெட்டும் கொடுவாளை அடிப்பவர் சந்தேகத்தின் நிழலில் நிற்கிறார். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அல்லாமல் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதச் சட்டத்தின் விதிகள் ஆயுதமாகவே கருதுகின்றன. ஆனால் வேட்டைக் கத்தி என்று பெயர் சூட்டிய அலங்காரப் பொருள் கூரியரில் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதைக் கலை என்று நாம் எழுதுகிறோம்.

எனவே நண்பரிடம் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு கத்தியைப் பற்றி எழுதும்போது, எந்த எஃகு, வால் எவ்வளவு நீளம், பிடியைக் கழற்ற முடியுமா, முதுகில் கொடி வெட்டியவர் யார் என்று விற்பவரிடம் விசாரித்துவிட்டு எழுதுங்கள். இவற்றுக்குப் பதில் வராத கத்தியின் படத்துக்குக் கீழே சேலத்தின் பெயரைப் போடாதீர்கள்.

பெரியப்பாவின் கத்தியை ஆசாரி ஒரு வாரம் வைத்திருந்தார். ஸ்பிரிங் பட்டைத் துண்டொன்றை வாலாக நீட்டி அடித்து, அலகின் தோய்ச்சல் கெடாமலிருக்க அதைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு பற்றவைத்தார். புளிய மரப் பிடியின் அடிவரை வால் ஓடுகிறது, முனையை மடித்து அடித்திருக்கிறார். பழைய பூண் ஒன்று. முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கினார். கத்தியின் விலையை நான் அவரிடம் சொல்லவில்லை. கொடி வேலைப்பாட்டில் இப்போது வாழைக்கறை ஏறி, பள்ளங்கள் கறுத்து, முன்பைவிட எடுப்பாகத் தெரிகிறது.

அந்தக் கொடியை வெட்டியவர் யார் என்று விற்றவருக்கு எழுதிக் கேட்டேன். கத்தியைத் திருப்பி அனுப்பினால் பணத்தைத் தந்துவிடுகிறோம் என்று பதில் வந்தது.